தங்கோ, தங்கெரே, ஒரு எவர்சில்வர் டம்ளர்

எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல இப்ப லத்தீன் ஒட்டியிருக்கு. சும்மா சொல்லலீங்க, நிஜமாவே லத்தீன்தான். பால் கணக்கு, கேஸ் புக் பண்ணின தேதி, ஸ்கூல் டைம் டேபிள் எல்லாத்துக்கும் நடுவுல மஞ்சள் சீட்டுல ஒரு வரி. அதை எழுதினது என் மகள். அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு ரெண்டு நாள் தூக்கம் சரியா வரல. அந்தக் கதைதான் இது.

கதைக்கு முன்னாடி ஒரு ஃபிளாஷ்பேக். தில்லிக்காரங்களுக்கு தரியாகஞ்ச் ஞாயித்துக்கிழமை புத்தகச் சந்தை தெரிஞ்சிருக்கும். 2019-ல நடைபாதைக் கடைகளை எல்லாம் எடுத்துட்டு மஹிளா ஹாட் மைதானத்துக்கு மாத்திட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம், இன்னும் நடைபாதையிலேயே புத்தகம் கொட்டிக் கிடந்தப்போ, ஒரு ஞாயித்துக்கிழமை அட்டை போன லத்தீன் இலக்கணப் புத்தகம் ஒண்ணு கண்ணுல பட்டது. அறுபது ரூபாய். பென்சில்ல யாரோ ஓரத்துல குறிப்பெல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க. "இதை வெச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?" என்று தங்கமணி கேட்டா. நியாயமான கேள்விதான்.

என் தொழில் ஆடிட். இருபது வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல மத்தவங்க கணக்கைப் பார்த்துக் குடித்தனம் பண்ணறேன். எங்க தொழில்ல லத்தீன் இல்லாம ஒரு நாள் ஓடாது. ப்ரோ ராட்டா, பெர் ஆனம், அட் ஹாக், வைஸ் வெர்சா. ஆடிட் என்கிற வார்த்தையே லத்தீன்தான். 'கேட்கிறான்'னு அர்த்தம். அந்தக் காலத்துல கணக்கை ஒருத்தர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருத்தர் உட்கார்ந்து காதால கேட்பார். இப்ப யாரும் யார் சொல்றதையும் கேக்கறதில்ல, அது வேற விஷயம் :-)

சரி, சோறு போடற பாஷையாச்சே, கொஞ்சம் கத்துப்போம்னு வாங்கினேன். மூணாவது பாடத்துக்கு மேல போகல. புத்தகம் பரண் ஏறிடுச்சு.

போன மே மாசம், வெளியில தலை காட்ட முடியாத வெயில். ஒன்பதாம் வகுப்பு முடிச்ச மகளுக்கு லீவு. பயாலஜியில செடி பேரெல்லாம் லத்தீன்ல வருதேன்னு பரணைக் குடைஞ்சு புத்தகத்தை எடுத்துட்டா. தொட்டாச்சிணுங்கிதான் ஆரம்பிச்சு வெச்சது. அதோட தாவரவியல் பேர் மிமோசா புடிகா. புடிகான்னா வெட்கப்படறவ. ஹிந்தியிலயும் அதுக்கு லாஜ்வந்தின்னு அதே அர்த்தத்துல பேர் உண்டு. காசித்தும்பை இனத்துல இன்னொரு செடி இருக்கு. அதோட காய் முத்தினப்புறம் தொட்டா வெடிக்கும். அதுக்கு இம்பேஷியன்ஸ் நோலி-தங்கெரேன்னு பேர். 'தொடாதே'ன்னு சொல்ற செடி.

"அப்பா, தங்கெரேன்னா தொடறது. இந்த ஒரு வெர்பை மட்டும் எடுத்துண்டு தினம் ஒரு வாக்கியம் எழுதப் போறேன். ஆனா நம்ம வீட்டுல நடக்கற விஷயமா இருக்கணும்" என்றாள். எனக்கும் பொழுது போகணுமே, சரின்னுட்டேன்.

இப்ப கொஞ்சம் இலக்கணம். பயந்து ஓடிடாதீங்க, தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இது அல்வா.

லத்தீன்ல ஒரு வினைச்சொல்லைப் படிக்கணும்னா நாலு ரூபமா மனப்பாடம் பண்ணணும். தங்கோ, தங்கெரே, தெதிகி, தாக்தும். தொடுகிறேன், தொட, தொட்டேன், அப்புறம் 'தொடப்பட்ட' மாதிரியான உருவங்கள் பிறக்கற கடைசி ரூபம். விருந்தாளியைத் தங்கச் சொல்ற மாதிரி இருக்கேன்னு நான் சிரிச்சேன். ஆனா உள்ள போகப் போக ஆச்சரியம். இங்கிலீஷ்ல 'ஐ', 'யூ', 'ஹி' இல்லாம வாக்கியம் நகராது. லத்தீன்ல அந்த வம்பே இல்ல. தங்கோன்னு சொன்னாலே 'நான் தொடுகிறேன்'. தங்கிஸ்னா நீ. தங்கித்னா அவனோ அவளோ. தங்குந்த்னா அவங்க. நாம 'தொட்டேன்'னு சொன்னா போதும், யார் தொட்டதுன்னு வால் சொல்லிடும் இல்லையா, அதே கதை. வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில வந்து உக்காரும், அதுவும் நம்ம வழக்கம். வேற்றுமை உருபும் உண்டு. நமக்கு எட்டு, அவங்களுக்கு ஆறு.

அதைவிட எனக்குப் பிடிச்சது இறந்த காலம். தமிழ்ல தொடு என்கிறது தொட்டேன்னு ஆகறப்போ என்ன நடக்குது? கடைசி எழுத்து இரட்டிக்குது. விடு, விட்டேன். பெறு, பெற்றேன். பழைய தமிழ்ல புகு, புக்கான். லத்தீன்ல தங்கோ, தெதிகின்னு ஆகறப்போ முதல் எழுத்து இரட்டிக்குது. 'த' இன்னொரு தரம் வந்து முன்னாடி நிக்குது. நாம வாலை இரட்டிக்கிறோம், அவங்க தலையை இரட்டிக்கிறாங்க. ரெண்டு பாஷைக்கும் சொந்தம் கிடையாது. எதேச்சையான ஒற்றுமைதான். ஆனாலும் ஒரு தடவை தொட்டாச்சுன்னா எழுத்து ரெண்டாயிடுதுங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

முதல் நாள் சீட்டு: "கானெம் தங்கோ." நாயைத் தொடுகிறேன். காலனி வாசல்ல படுத்திருக்கற செவலை நாயைப் பத்தி. கை அலம்பினியான்னு அம்மா கேட்டதுக்கு லத்தீன்ல பதில் வரல.

ரெண்டாம் நாள் மெட்ரோவில லைப்ரரிக்குப் போயிட்டு வந்தோம். சீட்டு: "கார்தா போர்தம் தங்கோ." கார்டால் வாசலைத் தொடுகிறேன். 'கார்தா'வோட கடைசியில இருக்கற நெடில்தான் நம்ம 'ஆல்' உருபு. இதுல வேடிக்கை என்னன்னா கார்டு என்கிற இங்கிலீஷ் வார்த்தையே இந்தக் கார்தாவிலேர்ந்து வந்ததுதான். ரோமானியர்களுக்கு அது பேப்பர். நமக்கு மயூர் விஹார்ல ஏறி இறங்க பிளாஸ்டிக்.

மூணாம் நாள்: "பாதெர் குக்குர்பிதம் நோன் தங்கித்." அப்பா சுரைக்காயைத் தொடுவதில்லை. இந்த ஊர்ல கோடை வந்தா லௌக்கி, டிண்டா, தோரின்னு ஒரே குடும்பத்துக் காயா வரும். அந்தக் குடும்பத்துக்கே குக்குர்பிடேசியேன்னுதான் பேர். நான் தட்டோட ஓரத்துல ஒதுக்கறதை மகள் பதிவு பண்ணிட்டா. தங்கமணிக்கு லத்தீன் மேல மரியாதை வந்தது அன்னிக்குத்தான். 'சாப்பாட்டை லேசா ருசி பார்க்கறது'க்கும் ரோமானியர்கள் இதே வார்த்தையைச் சொல்வாங்களாம். அப்ப நம்ம 'தொட்டுக்க என்ன இருக்கு?'ங்கற கேள்வி அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். ஹிந்திக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க நான் இருபது வருஷமா முயற்சி பண்ணறேன், நடக்கல.

நாலாம் நாள் சாயங்காலம் ஆந்தி வந்தது. தில்லி கோடையோட புழுதிப் புயல். வானம் செம்மண் நிறமாகி, பால்கனித் துணியெல்லாம் பறந்து, எங்கேயோ ஒரு இடி. பார்க்குல இருந்த வேப்பமரத்துல ஒரு கிளை கருகிப் போச்சு. சீட்டு: "ஆர்போர் தே கைலோ தாக்தா எஸ்த்." நேரா சொன்னா 'மரம் வானத்திலிருந்து தொடப்பட்டது'. மின்னல் விழுந்ததுக்கு லத்தீன்ல அப்படித்தான் சொல்வாங்க. வானம் தொட்டது. நாம மின்னல் தாக்கியதுங்கறோம், அவங்க தாக்தாங்கறாங்க. மறுபடியும் எதேச்சைதான், ஆனா உடம்பு சிலிர்த்தது.

அதுக்குள்ள எனக்கும் பைத்தியம் பிடிச்சிருந்தது. ஆபீஸ்ல உக்காந்து தங்கெரே பெத்த பிள்ளைகளை எண்ண ஆரம்பிச்சேன். டேஞ்சென்ட். நம்ம கணக்குப் புத்தகத்துல தொடுகோடு. மொழிபெயர்த்தவர் யாரோ, கச்சிதமா பண்ணியிருக்கார். கான்டாக்ட். கன்டேஜியஸ். கன்டாமினேஷன். டேக்ஸ் கூட இந்த வீட்டுப் பிள்ளைதான்னு அகராதிக்காரங்க சொல்றாங்க. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்து மதிப்புப் போடறதாம். வருமான வரி நோட்டீஸ் வாங்கினவங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்டிஜர்தான். முழு எண். 'இன்' என்றால் இல்லை, அதோட தங்கெரேயின் வேர். தொடப்படாதது. யாரும் தொட்டுக் குறைக்காததால முழுசா இருக்கறது. அதுலேர்ந்து இன்டெக்ரல் வந்தது. பெரம்பூர்ல 1955-ல ஆரம்பிச்ச ஐ.சி.எஃப்-ல முதல் எழுத்து இதுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல முன்பதிவில்லாத பெட்டியில ரெண்டு ராத்திரி நசுங்கி வந்தவங்க கிட்ட 'இது தொடப்படாத பெட்டி'ன்னு சொல்லிப் பாருங்க, உதை விழும்.

அதே வேர்லேர்ந்துதான் இன்டெக்ரிட்டியும். எங்க தொழில் ஒழுக்க விதிகள்ல முதல் விதி அதுதான். ஆடிட்டர்னா இன்டெக்ரிட்டி வேணும். நாம தமிழ்ல 'அவர் கை சுத்தம்'னு சொல்றோம். அவங்க 'யார் கையும் படாதவர்'னு சொல்றாங்க. தொடாம இருக்கறது உயர்வு. தொடப்படாம இருக்கறது சுத்தம்.

இங்க ஒரு நிமிஷம் நின்னேன். ஏன்னா ஹிந்தியில அச்சூதா (அச்சூத்தா) ன்னு ஒரு வார்த்தை இருக்கு. தொடப்படாத, புத்தம் புதிய. ஒரு மலைப் பிரதேசத்தையோ புது யோசனையையோ பாராட்டணும்னா சொல்வாங்க. அந்தக் கடைசி நெடிலை மட்டும் எடுத்துட்டுப் பாருங்க. அச்சூத். தீண்டத்தகாதவர். ஒரே வேர், ஒரே 'இல்லை'. மலைக்குச் சொன்னா புகழ்ச்சி, மனுஷனுக்குச் சொன்னா வசவு.

தமிழ் மட்டும் என்ன வாழுதாம். தொடுங்கறதுக்கும் தீண்டுங்கறதுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க. குழந்தையைத் தொடுவோம். சாமி பாதத்தைத் தொட்டுக் கும்பிடுவோம். 'தீண்டியது'ன்னு பேச்சுல எப்ப சொல்றோம்? பாம்பு தீண்டிடுச்சு. விஷப் பூச்சி தீண்டிடுச்சு. மனுஷனை ஒதுக்கி வைக்கறதுக்கு வார்த்தை தேடினப்போ, நம்ம ஊருக்குக் கிடைச்சது பாம்புக்கு வெச்சிருந்த வார்த்தை.

தமிழ்நாட்டுல படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாடப்புத்தகத்தோட முன்பக்கத்துல தீண்டாமை பத்தி மூணு வரி கட்டம் கட்டிப் போட்டிருக்கும். பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கத்தைத் திருப்பிட்டுத்தான் முதல் பாடத்துக்குப் போயிருக்கேன். அதே வருஷங்கள்ல லீவுக்கு தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போனா, கார்த்தால பாட்டி மடியில இருப்பா. "தள்ளிப் போடா, தொட்டுடாதே" தான் எங்களுக்கெல்லாம் சுப்ரபாதம். சாதப் பாத்திரத்தைத் தொட்டா பத்து, கை அலம்பணும். அதெல்லாம் விளையாட்டா இருந்தது. கொல்லைப்புறத்துல களத்து வேலைக்கு வந்தவர் குனிஞ்சு ரெண்டு கையையும் சேர்த்து ஏந்துவார். பாட்டி சொம்பைத் தூக்கிப் பிடிச்சு மேலேர்ந்து மோர் ஊத்துவா. சொம்பும் கையும் படக்கூடாது. அதையும் விளையாட்டுன்னுதான் நினைச்சேன். அந்த மோர் அருவி மாதிரி விழறது அழகா இருக்கும்னு கூட ஞாபகம். வெட்கமா இருக்கு, ஆனா எழுதித்தானே ஆகணும்.

கேட்டா, தொன்றுதொட்டு வர்ற வழக்கம்னு சொல்வா பாட்டி. தொடாத வழக்கத்துக்கு உள்ளேயே ஒரு 'தொட்டு' ஒளிஞ்சிருக்கறதை அப்ப கவனிக்கல.

சரி, அஞ்சாம் நாள்.

ஆபீஸ்லேர்ந்து வந்து தண்ணி குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போறேன். புது சீட்டு: "நேமோ ஹோக் போக்குலும் தங்கித்."

போக்குலும் தெரியல. மகளைக் கூப்பிட்டேன்.

"என்னடா இது?"

"நேமோ, யாரும் இல்லை. ஹோக், இந்த. போக்குலும்னா குடிக்கற பாத்திரம். கப், டம்ளர், எதுன்னாலும்."

"இந்த டம்ளரை யாரும் தொடுவதில்லை. எந்த டம்ளர்?"

அவ பதில் சொல்லல. கையை நீட்டினா. சிங்க்குக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில, ஒரு கொக்கியில மாட்டியிருந்தது. எவர்சில்வர் டம்ளர். விளிம்புல ஒரு நசுங்கல். எங்க வீட்டுல வேலை பண்ணற தீதியோடது.

தீதி 2016-லேர்ந்து எங்க வீட்டுக்கு வர்றாங்க. பக்கத்துல திரிலோக்புரி. எமர்ஜென்சி காலத்துல, 1975-76ல, நகரத்துக்குள்ளேர்ந்து அப்புறப்படுத்தினவங்களுக்காக உண்டான காலனி. எங்க அடுக்குமாடிகளுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ரோடுதான். தினம் காலையில ஏழரைக்கு வருவாங்க. பாத்திரம், பெருக்கித் துடைக்கறது. எட்டரைக்கு ஒரு டீ. அந்த டம்ளர்ல. அவங்களே அலம்பி அவங்களே கொக்கியில மாட்டிடுவாங்க.

இதுல கவனிங்க. எங்க பாத்திரம் அத்தனையையும் தொட்டுத் தேய்க்கறது அவங்க கைதான். எங்க டம்ளரை அவங்க தொடலாம், தினமும் தொடறாங்க. அவங்க டம்ளரை நாங்கதான் தொடறதில்லை. ஒன்பது வருஷம். நான் ஆடிட்டர். நாலு பைசா வித்தியாசம் வந்தா ராத்திரி முழுக்க உக்காந்து தேடுவேன். என் வீட்டு ஜன்னல்ல தொங்கினது கண்ணுல படல.

நாங்க அவங்க ஜாதி என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு. இப்ப யோசிச்சா, கேக்க வேண்டிய அவசியமே வரல. கொக்கி அந்த வேலையைப் பார்த்துண்டிருந்தது.

"ஏண்டா இதை எழுதினே?"

"ரூல் ஞாபகம் இல்லையாப்பா? நம்ம வீட்டுல நடக்கற விஷயமா இருக்கணும்."

அப்புறம்தான் சொன்னா. ஸ்கூல்ல அலிப்பூர் ரோடு 26-ம் நம்பருக்குக் கூட்டிண்டு போயிருக்காங்க. அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்னிக்குக் காலமான இடம். 2018-ல அங்க திறந்த புத்தகம் மாதிரி ஒரு நினைவகம் கட்டித் திறந்தாங்க. போயிட்டு வந்தப்புறம் அவர் தன் வாழ்க்கையைப் பத்தி எழுதின 'வெயிட்டிங் ஃபார் எ வீசா'வைப் படிச்சிருக்கா. சின்னப் புத்தகம்தான். பள்ளிக்கூடத்துல மத்த பசங்க தாகமெடுத்தா நேரா போய்க் குழாயைத் திறந்து குடிக்கலாம். அவர் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டாத்தான் தண்ணி. பியூன் இல்லேன்னா தண்ணி இல்லை. அந்தப் பையன் வளர்ந்து 1927 மார்ச் 20 அன்னிக்கு மஹாட்ல சவுதார் குளத்துல இறங்கி, கையால ஒரு வாய் தண்ணி அள்ளிக் குடிச்சார். அவர் பின்னாடி வந்த ஆயிரக்கணக்கானவங்களும் குடிச்சாங்க. ஒரு போராட்டம் முழுக்க ஒரு வினைச்சொல்லுக்காக. தொடறது.

இதெல்லாம் எனக்கும் தெரியும். 1948 நவம்பர் 29 அன்னிக்கு இதே தில்லியில, இப்ப சம்விதான் சதன்னு பேர் வெச்சிருக்கற கட்டடத்துல, அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கற விதியை ஏத்துண்டது. 'மகாத்மா காந்தி கீ ஜெய்'னு கோஷம் எழுந்ததா சபைக் குறிப்புல இருக்கு. அதுதான் இப்ப பதினேழாம் விதி. 1955-ல சட்டம் வந்தது. 1976-ல அதைக் கடுமையாக்கி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்னு பேரை மாத்தினாங்க. நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளை பத்திப் பேப்பர்ல படிக்கறப்பெல்லாம் 'இன்னுமா இப்படி'ன்னு உச்சு கொட்டியிருக்கேன். தில்லியில உக்காந்துண்டு. கொக்கிக்கு மூணடி தள்ளி உக்காந்துண்டு.

எனக்குக் கோபம்தான் முதல்ல வந்தது, மறைக்க விரும்பல. "அது சுகாதாரம்டா. அவங்க வெளியிலேர்ந்து வர்றாங்க" என்றேன். "நீயும்தான் மெட்ரோல வர்றே" என்றாள். தங்கமணி அடுப்படியிலேர்ந்து, "அவங்களே தனியாத்தான் வேணும்பாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழிச்சு அவளே, "நாம ஒரு தரமும் கேட்டதில்லையே" என்றாள். மூணு பேரும் பேசாம இருந்தோம்.

ராத்திரி எனக்கு 2021 ஏப்ரல் ஞாபகம் வந்தது. தில்லியில இருந்தவங்களுக்கு அந்த மாசத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டாம். ஆம்புலன்ஸ் சத்தம் நிக்காத நாட்கள். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல். கதவுக்கு வெளியில ஒரு ஸ்டூல். அக்கம்பக்கத்துல நல்லவங்க, தினம் சாப்பாடு வெச்சாங்க. மணி அடிச்சுட்டு நாங்க திறக்கறதுக்குள்ள லிஃப்டுக்குள்ள போயிடுவாங்க. காகிதத் தட்டு. டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்னு மெசேஜ். அவங்க பண்ணினது சரிதான், அதுதான் டாக்டர் சொன்னதும். ஆனாலும் பதினஞ்சாம் நாள், எல்லாம் சரியாகி, அலம்பித் துடைச்ச ஒரு டப்பாவைக் கையில நீட்டினேன். எதிர்வீட்டுக்காரர் அரை அடி பின்னாடி போனார். அந்த அரை அடி எனக்கு இன்னும் மறக்கல. அன்னிக்கு சாப்பிடப் பிடிக்கல. கான்டாக்டும் கன்டேஜியனும் தங்கெரேயோட ரெட்டைப் பிள்ளைங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது.

ரெண்டும் ஒண்ணில்லைன்னு தெரியும். அது ஒரு வியாதி, பதினஞ்சு நாள்ல போயிடுச்சு. இது போகாது, பிறந்ததுலேர்ந்து ஒட்டினது. ஆனா பதினஞ்சு நாளுக்கு, ஒரு அரை அடிக்கு, எனக்கு அவ்வளவு வலிச்சுது. குணமாகி வந்தப்புறம் அதே ஜன்னலண்டை நின்னு டீ குடிச்சேன். அதே கொக்கி. ஒண்ணும் தோணல. அதுதான் இப்ப உறுத்தறது.

மறுநாள் காலையில பெரிய புரட்சியெல்லாம் எதுவும் பண்ணல. கொக்கியைப் பிடுங்கினேன். டம்ளரை எடுத்து மத்த டம்ளர்களோட ஸ்டாண்டுல கவுத்தேன். எடுத்தப்போதான் தெரிஞ்சது, அதை நான் கையில பிடிச்சதே அதுதான் முதல் தடவை. நல்ல கனம். தங்கமணி நாலு டீ போட்டா. கண்ணாடி கிளாஸ்ல மூணு, தீதிக்கும் கண்ணாடி கிளாஸ்ல ஒண்ணு. வழக்கமா அவங்க சமையலறைத் தரையில உக்காந்து குடிப்பாங்க. "தீதி, இங்க வந்து உக்காருங்க" என்று மகள் நாற்காலியை இழுத்தாள்.

தீதி ஜன்னலைப் பார்த்தாங்க. "மேரா வாலா கஹான் கயா?" என்னோடது எங்க போச்சு?

நாங்க மூணு பேரும் முழிச்சோம். நான் ஹிந்தியில தடுமாறி, இனிமே தனியா கிடையாது, எல்லாம் எல்லாருக்கும்னு ஏதோ உளறினேன். ஆடிட் ரிப்போர்ட் வாசிக்கற குரல்ல. அவங்க என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கும் எனக்கு முழுசா சொல்லத் தெரியல. கேலியா, களைப்பா, 'இப்பத்தானா'வா. அப்புறம் ஸ்டாண்டுல தேடி, நசுங்கின விளிம்பைப் பார்த்துக் கண்டுபிடிச்சு, கண்ணாடி கிளாஸ் டீயை அதுல மாத்தி, "இதுல ஜாஸ்தி பிடிக்கும். உங்க கிளாஸ்ல ரெண்டு வாய்தான் வருது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாங்க.

ஊத்தினோம். நாற்காலியில உக்காரல. "முட்டி வலி, எழுந்திருக்கறது கஷ்டம்"னு நின்னுண்டே குடிச்சாங்க. குடிச்சு முடிச்சு டம்ளரை அலம்பி, பழக்கத்துல ஜன்னல் பக்கம் கை போச்சு. கொக்கி இல்லை. ஒரு வினாடி நின்னு, ஸ்டாண்டுல கவுத்துட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

அன்னிக்கு சாயங்காலம் நான் அந்த டம்ளர்லதான் காப்பி குடிச்சேன். நிஜமாவே ஜாஸ்தி பிடிக்கறது. மகள் கிட்ட, "இப்ப சீட்டைக் கிழிச்சுடலாமா?"ன்னு கேட்டேன். "அவசரப்படாதேப்பா. ஒரு மாசம் பார்க்கறேன்" என்றாள். ஆடிட்டர் பொண்ணு, வேற எப்படி இருப்பா.

ஒரு மாசத்துக்கு மேலேயே ஆயிடுச்சு. லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்தாச்சு. லத்தீன் புத்தகம் மறுபடி பரணுக்குப் போகாம ஷெல்ஃப்ல நிக்குது. மத்த நாலு சீட்டும் விழுந்துடுச்சு. அஞ்சாவது இன்னும் இருக்கு. ஆனா போன வாரம் பார்த்தேன், அதுல ரெண்டு வார்த்தையைப் பேனாவால அடிச்சிருந்தா. நேமோவை அடிச்சுட்டு 'ஓம்னெஸ்', எல்லாரும். எல்லாரும்னு வந்துட்டா வினையும் பன்மையாகணும் இல்லையா, அதனால தங்கித் போய் தங்குந்த். ஓரத்துல சின்னதா ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வெச்சிருக்கா. அதை எப்ப எடுப்பான்னு நானும் கேக்கல.

கொசுறு: இதைப் படிக்கறவங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். தங்கெரேயை வெச்சு உங்க வீட்டைப் பத்தி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க. லத்தீன் தெரியலேன்னா பரவாயில்லை, தமிழ்லயே எழுதலாம். ஆனா ரூல் ஒண்ணுதான். அது நிஜமா நடக்கற விஷயமா இருக்கணும்.